படகுக்குள் புகும் தண்ணீர்



தோட்டத்து மக்களுக்குத் தூண்டில் புதிய பொருளன்று. மழை ஓய்ந்த மாலையில் செம்பனைக் காட்டு வாய்க்காலில் மண்புழுவைக் கோத்துப் போட்டுக் கெளுத்தியும் விராலும் பிடித்து வளர்ந்தவர்கள்தாம் நாம். கரையில் குந்தியிருந்து பிடிக்கிற வரையில் பாம்புக்கும் அட்டைக்கும் அஞ்சினால் போதும். ஆனால் நம் இளைஞர்களில் பலர் இப்போது கரையை விட்டு இறங்கிவிட்டார்கள். கயாக் என்று சொல்லப்படும் ஒற்றை ஆள் படகைக் காரின் கூரையிலோ லோரியின் பின்புறத்திலோ கட்டிக்கொண்டு, விடியுமுன் ஆற்று முகத்துவாரத்திற்குப் புறப்பட்டு விடுகிறார்கள். பாகான் டத்தோ, கோல சிலாங்கூர், கேரித் தீவு ஆகிய பக்கங்களில் கடலுக்கு அருகே தோட்டங்கள் இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு இது இன்னும் எளிது.

இதைக் கண்டு தாய்மார்கள் கலங்குவது நமக்குத் தெரியும். "ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது, சார்" என்று பள்ளிக்கூட வாசலில் நின்று சொல்லும் அம்மாக்கள் உண்டு. போகாதே என்று தடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. தடுத்தால் சொல்லாமல் போகிறார்கள். அது இன்னும் கெடுதல். ஆகவே, போகலாமா கூடாதா என்பதை விட்டுவிட்டு, அந்தப் படகுக்கு என்ன நேரக்கூடும், அதை எப்படி முன்கூட்டியே காணலாம் என்பதைப் பற்றி இன்று பேசுவோம். கயாக்கில் நேரும் தொல்லைகளில் பல, ஆற்றில் பிறப்பதில்லை. வீட்டு வாசலிலே, படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கும் இடத்திலேயே பிறந்துவிடுகின்றன.

முதலில் இந்தப் படகைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். கயாக் என்னும் சொல், வட துருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனுவிட் மக்களுடையது. ஆற்றிலும் கடலிலும் அடித்து வந்த மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, அதன்மேல் சீல் என்னும் பிராணியின் தோலைப் போர்த்தித் தைத்து இதைச் செய்தார்கள். தையல் வழியே நீர் கசியாதிருக்கக் கொழுப்பைப் பூசினார்கள். ஒரு பொத்தல் விழுந்தாலும் பனிக்கடலில் உயிர் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் தையலைத் தடவிப் பார்த்த பிறகே இறங்கினார்கள்.

இந்த நாட்டு மலாய்க்காரர்களும் இடுக்கு அடைக்கும் கலையில் வல்லவர்கள். கெலாம் மரத்தின் பட்டையைப் பலகைகளுக்கு இடையில் திணித்துப் படகுகளை நீர் புகாமல் செய்தார்கள். சிங்கப்பூரிலுள்ள கம்போங் கிளாம் என்ற இடத்தின் பெயர் அந்த மரத்திலிருந்து வந்ததே. தமிழ்நாட்டுக் கடற்கரை மக்களோ வேறு வழியைக் கண்டார்கள். மரக்கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் கட்டுமரம் செய்தார்கள். அதற்கு 'உள்ளே' என்று ஓர் இடமே இல்லை. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். உள்ளே இல்லாத படகில் ஓட்டை ஏது?

நம் இளைஞர்கள் மிகுதியாக வைத்திருக்கும் கயாக், பார்வைக்குக் கட்டுமரத்தைப் போன்றது. மேலே உட்கார வேண்டும். காலடியில் துளைகள் இருக்கும். மேலே ஏறிய நீர் அத்துளைகளின் வழியே கீழே வடிந்துவிடும். ஆனால் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். கட்டுமரம் கட்டை, கயாக் ஒரு மூடிய டப்பா. மேல்தட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே வெறும் காற்றுதான் இருக்கிறது. அந்தக் காற்றுதான் படகை மிதக்க வைக்கிறது. சம்பானில் ஓட்டை விழுந்தால் காலில் ஈரம் படும், உடனே தெரியும். கயாக்கில் காலுக்குக் கீழே ஒரு தட்டு மறைத்திருப்பதால், உள்ளே 20 லிட்டர் நீர் புகுந்திருந்தாலும் மேலே இருப்பவருக்குத் தெரியாது. காய்ந்த தட்டில் நிம்மதியாக உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்.

உள்ளே புகுந்த நீர் என்ன செய்யும்? கனத்தைக் கூட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 40 லிட்டர் புகுந்தால், நம் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டதற்குச் சமம். ஆனால் கனம் மட்டுமே என்றால் அவ்வளவு கேடில்லை. பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், நீர் உட்காராது.

பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. காண்டாக் கம்பில் இரு வாளிகளையும் தொங்கவிட்டுக் கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்களுக்கு, வாளி அலம்பத் தொடங்கினால் தோள் என்ன பாடுபடும் என்பது தெரியும். ஒரு முறை ஒரு பக்கம் சாய்ந்தால் பாலும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் இழுக்கும். கயாக்குக்குள் நீரும் அவ்வாறே. மீனை இழுக்க ஒரு பக்கம் சாய்கிறோம். நல்ல படகு நம்மைத் தாங்கி நிமிர்த்தும். நீர் புகுந்த படகிலோ உள்ளிருக்கும் நீர் முழுவதும் நாம் சாய்ந்த பக்கத்துக்கே ஓடுகிறது. படகு நிமிர்வதற்குப் பதிலாகக் கூடச் சேர்ந்து சாய்கிறது. ஆகவே கயாக் மெல்ல மெல்ல மூழ்கிப் போவதைவிட, பாதி நீரோடு திடீரென்று கவிழ்வதே வழக்கம்.

கிணற்றிலிருந்து குடத்தில் நீர் கொண்டு வரும்போது நம் பாட்டிமார்கள் ஒரு கொத்துத் தழையை அதில் போட்டுக்கொள்வார்கள். நீர் தளும்பாது. அந்த அறிவையே கயாக்கிலும் பயன்படுத்தலாம். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கட்டிப் பிடித்துக்கொள்ளும் நீண்ட நுரைக் குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை மூடித் திறப்பின் வழியே படகின் உள்ளே நெருக்கமாகத் திணித்து வைத்தால், நீர் புகுந்தாலும் அது அங்கும் இங்கும் ஓட இடமிராது. நீர் பிடிக்க வேண்டிய இடத்தையும் நுரை பிடித்துக்கொள்ளும். நாற்காலி மெத்தையில் வைக்கிற பஞ்சு இதற்கு உதவாது. அது நீரைக் குடித்துக் கனத்துவிடும். கயாக்குக்குச் செய்யும் செலவுகளிலெல்லாம் மிகக் குறைந்த செலவு இதுதான் என்பது நம் கருத்து. ஆனால் படகின் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதாலோ என்னவோ, இதைச் செய்பவர்கள் குறைவு.

சரி, நீர் எந்த வழியாகப் புகுகிறது?

முதல் வழி, வடிகால் தக்கை. படகின் பின்முனையிலோ முன்முனையிலோ ஒரு சிறு துளையும் அதற்கு ஒரு தக்கையும் இருக்கும். கரையில் இருக்கும்போது அதைத் திறந்து வைப்பது நல்லது. வெயிலில் கிடக்கும் படகின் உள்ளே காற்று சூடேறி விரிந்து பிளாஸ்டிக்கை உப்ப வைக்கும். திறந்து வைத்த அதே தக்கையை மூடாமல் ஆற்றில் இறக்குவதுதான் தொல்லை. இது படிக்காதவர் படித்தவர் எல்லோருக்கும் நேர்வது. தக்கையைக் கழற்றியவுடன் துடுப்பின் பிடியிலோ கார் சாவியிலோ கட்டிவிட்டால், அதைத் தொடாமல் படகை இறக்க முடியாது.

வெயிலைப் பற்றிச் சொன்னோமே, அதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சூடான படகை நேராகக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. 200 லிட்டர் காற்று 45 பாகை வெப்பத்திலிருந்து 30 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய 9 லிட்டர் அளவு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வந்தாக வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்து, அதன்மேல் நீர் நின்றால், படகு அந்த நீரை உறிஞ்சிக் குடிக்கும். ஆகவே படகை நீரில் வைத்துச் சிறிது குளிர விட்டு, அதன் பிறகு மூடிகளை இறுக்குவது நல்ல பழக்கம்.

இரண்டாவது வழி, நாமே போடும் துளை. படகு வாங்கிய மறுவாரமே, தூண்டில் கோலைச் செருகி வைக்க ஒரு குழல், மீன் காட்டும் கருவிக்கு ஒரு தாங்கி, கைப்பேசிக்கு ஒரு பிடி என்று துளையிடத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு துளை. அலையில் ஆடி, கோலின் இழுப்பில் அசைந்து, திருகாணி தளர்கிறது. கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான்: நீர்மட்டத்திற்குப் பத்து செண்டிமீட்டர் கீழே 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை இருந்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் உள்ளே வரும். அரை மணி நேரத்தில் 40 லிட்டர் தாண்டிவிடும். கவிழ்த்த குவளையை நீரில் அமுக்கினால் உள்ளே நீர் ஏறாதே, காற்று தடுக்குமே என்று கெட்டிக்கார மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. படகில் வேறெங்கும் ஓர் இடுக்கும் இல்லாவிட்டால் அவன் சொல்வது சரியே. ஆனால் காற்று வெளியேற மூடியின் ஓரத்திலோ மேலுள்ள திருகாணித் துளையிலோ எப்போதும் ஒரு வழி இருக்கும்.

மூன்றாவது வழி தேய்மானம். தூக்க ஆளில்லாமல் படகைச் சிமெண்டுத் துறையிலும் சரளைக் கற்களிலும் இழுத்துப் போவதால் பின்முனையின் அடிப்பாகம் தேய்ந்து காகிதம்போல் மெலிந்துவிடுகிறது. காலடியில் உள்ள வடிதுளைகளும் பலவீனமான இடங்கள். மேல்தட்டையும் அடித்தட்டையும் இணைக்கும் சிறு குழாய்கள் அவை. இரு கம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் தள்ளுவண்டியை அத்துளைகளில் செருகிப் படகை உருட்டிப் போகிறார்கள். கல்லில் சக்கரம் மோதும்போதெல்லாம் அந்தக் கம்பு குழாயை உள்ளிருந்து நெம்புகிறது. ஒரு நாள் வெடிப்பு விழுகிறது. ஏரிகளில் மீன் பிடிப்போருக்கு மற்றுமோர் ஆபத்து உண்டு. திரங்கானுவில் 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டான கென்யிர் ஏரியும், பேராக்கில் உள்ள தெமெங்கோர் ஏரியும் காட்டை மூழ்கடித்து உண்டானவை. நீர் குறையும் காலத்தில் பட்ட மரங்களின் முனைகள் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே காத்திருக்கும்.

நமக்குத் தெரிந்த இரு சகோதரர்களின் கதையை இங்கே சொல்வது பொருந்தும். இருவரும் நம் பள்ளியில் படித்தவர்கள். மூத்தவன் கைமாறி வந்த கயாக் ஒன்றை வாங்கி, இருக்கைக்குப் பின்னால் பக்கவாட்டில் கோல் செருகும் குழல்கள் இரண்டைத் தானே பொருத்தினான். வெறும் திருகாணி, அடியில் ரப்பரும் இல்லை, பசையும் இல்லை. ஒரு காலையில் இருவரும் இரண்டு படகுகளில் முகத்துவாரம் வரை போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தம்பி கவனித்திருக்கிறான். "அண்ணே, உங்க படகு பின்னால தாழுதே." "ஐஸ் பெட்டி கனம்டா, மீன் கிடக்குதுல்ல" என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். படகு தாழத் தாழத் திருகாணித் துளை நீருக்குள் இறங்கியது. நீருக்குள் இறங்கிய துளை இன்னும் விரைவாகப் படகைத் தாழ்த்தியது. அடுத்த மீன் கவ்வியபோது அவன் ஒரு பக்கம் சாய்ந்தான். அவ்வளவுதான், படகு தலைகீழாகிவிட்டது.

மிதவைச் சட்டை இருந்தது. உடம்பில் அன்று, இருக்கைக்குப் பின்னால் கயிற்றில் கட்டியிருந்தது. வற்றம் தொடங்கி ஆறு கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த வேளை. கவிழ்ந்த படகை நிமிர்த்தி ஏறப் பார்த்தான். ஏறும்போதெல்லாம் உள்ளிருந்த நீர் ஓடி மறுபடி கவிழ்த்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு கை சோர்ந்துவிட்டது. தம்பி தன் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து அவனைப் பின்முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, விசிலை ஊதிக்கொண்டே இருந்தான். வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர் சத்தம் கேட்டுச் சம்பானைத் திருப்பினார். கோல், ரீல், கைப்பேசி, ஐஸ் பெட்டி எல்லாம் போய்விட்டன. படகைக் கரைக்கு இழுத்துவந்து பின்முனைத் தக்கையைத் திறந்தபோது, காண்டா வாளி ஒன்றை நிரப்பி, அடுத்ததையும் நிரப்பிய பிறகும் நீர் கொட்டிக்கொண்டிருந்ததாம்.

இனி ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வகை. சைக்கிள் டியூபில் பொத்தலைக் காணும் முறைதான். படகை நன்றாகக் கழுவிக் காய வைத்து, எல்லா மூடிகளையும் இறுக்குங்கள். வடிகால் துளையில், மெத்தைக்குக் காற்றடிக்கும் சிறு பம்பின் குழாயை வைத்து மெல்லக் காற்றைச் செலுத்தியபடி, சவர்க்கார நீரைப் பஞ்சால் மேலெல்லாம் தடவிக்கொண்டு வாருங்கள். கசியும் இடத்தில் நுரை குமிழியிடும். அங்கே பேனாவால் வட்டம் போடுங்கள். டயர் கடையிலுள்ள கொம்ப்ரெசரைக் கொண்டு காற்றடிக்கவே கூடாது, படகு வெடித்துவிடும். பம்பு இல்லாதவர்கள் வேறு வழியைக் கையாளலாம். வெளிப்புறத்தைத் துடைத்துக் காய விட்டு, இரண்டு மூன்று வாளி நீரை உள்ளே ஊற்றி, பழைய டயர்களின்மேல் படகை வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தால் சொட்டும் இடம் தெரியும். அதிகமாக ஊற்றினால் படகின் இடுப்பு ஒடிந்துவிடும்.

கண்டுபிடித்த பின் அடைப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். டியூபுக்கு ஒட்டுப் போடுவதுபோல் ரப்பர் பசையைத் தடவி ஒரு துண்டை ஒட்டிவிடுகிறார்கள். நம் நாட்டில் விற்கும் கடினமான கயாக்குகளில் பெரும்பாலானவை பாலித்தீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் மேற்பரப்பு மெழுகைப் போன்றது. எந்தப் பசையும் உறுதியாகப் பிடிக்காது. இன்று ஒட்டியது போலிருக்கும், அடுத்த வாரம் வாழைப்பட்டைபோல் உரிந்து வரும். பாலித்தீனைப் பாலித்தீனாலேதான் அடைக்க வேண்டும். வெடிப்பின் இரு முனைகளிலும் மிகச் சிறிய துளை போட்டால் வெடிப்பு மேலே ஓடாது. அதன்பின் வெடிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடான கருவியால் உருக்கி இரண்டையும் ஒன்றாக இளக்கிச் சேர்க்க வேண்டும். நெருப்புக் கொழுந்தைக் காட்டிச் செய்தால் பிளாஸ்டிக் எரிந்து கருகிப் பலமிழக்கும். புகையும் மூச்சுக்குக் கெடுதல். கார் பம்பர்களைப் பிளாஸ்டிக்கால் பற்றவைக்கும் பட்டறைக்காரர்களிடம் இதற்கான கருவி இருக்கும். நல்ல கையிடம் கொடுப்பதே சிறப்பு. கண்ணாடி நாரால் ஆன படகு வேறு வகை. அதை நார்த்துணியும் ரெசினும் கொண்டு வீட்டிலேயே செப்பனிடலாம்.

திருகாணித் துளைகளுக்கு இவ்வளவு தேவையில்லை. திருகாணியைக் கழற்றி, துளையைச் சுற்றிப் பிசுபிசுப்பான பியூட்டில் நாடாவை வைத்து, உள்பக்கம் அகலமான வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினால் நெடுநாள் நிற்கும். கை உள்ளே எட்டாத இடத்தில் துளை போடாதிருப்பதே அறிவு. கோல் வைக்க ஒரு குழல் குறைவாக இருந்தால் மீன் குறையப் போவதில்லை.

ஆற்றின் நடுவில் இருக்கும்போது ஓட்டை விழுந்தால்? அறிகுறிகளை அறிந்திருக்க வேண்டும். துடுப்புப் போட்டால் படகு முன்போல் ஓடாது, மந்தமாகும். ஒரு முனை தாழும். திரும்பும்போது படகு ஒரு கணம் தாமதித்துச் சாயும். சாய்ந்த பின் நிமிரத் தயங்கும். உடம்பை மெல்ல இரு பக்கமும் அசைத்தால் காலுக்குக் கீழே சலசலவென்று சத்தம் கேட்கும். அரை மணிக்கு ஒருமுறை அவ்வாறு அசைத்துக் காதைக் கொடுப்பது நல்லது. சத்தம் கேட்டால் அப்போதே தூண்டிலைச் சுருட்ட வேண்டும். இன்னும் ஒரு மீன், இன்னும் பத்து நிமிடம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஆகாது. எதிரே தெரியும் கரை எதுவாயினும், புறப்பட்ட துறை இல்லாவிட்டாலும், அருகிலுள்ள கரைக்கே போக வேண்டும். சேறாக இருந்தால் என்ன, காண்டா மரக் காடாக இருந்தால் என்ன? நடு ஆற்றில் மூடியைத் திறந்து நீரை இறைக்க முயலாதீர்கள். அலை அடித்தால் திறந்த வாய் வழியாக ஒரே நொடியில் மிகுதியும் நிறைந்துவிடும். நீர் அமைதியாக இருந்து, துணைக்கு இன்னொரு படகு பக்கத்தில் சேர்த்துப் பிடித்திருந்தால் மட்டும் கைப்பம்பால் இறைக்கலாம்.

ஓட்டை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் தற்காலிகமாக அடைக்கலாம். பழைய ரப்பர் சிலிப்பரிலிருந்து வெட்டிய ஆப்பு போன்ற துண்டுகள் இரண்டு மூன்றைப் பையில் போட்டு வைத்திருங்கள். துளையில் திருகித் திணித்தால் நன்றாகப் பிடிக்கும். தக்கை விழுந்துவிட்டாலும் அதுவே உதவும். கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப்பசை நாடாவும் நல்லதுதான்; ஆனால் அது ஈரத்தில் ஒட்டாது, கரையேறித் துடைத்த பிறகே பயன்படும்.

நங்கூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஓட்டையைவிட அது விரைவாகக் கவிழ்க்கும். கயிற்றைக் கைக்கு எட்டுகிற இடம் என்று இருக்கையின் பக்கத்திலேயே கட்டிவிடுகிறார்கள். நீரோட்டம் படகின் அகன்ற பக்கத்தில் மோதுகிறது. கயிறு அதே பக்கத்தைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் படகு உருண்டுவிடும். கயிறு எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்டப்பட வேண்டும். அதற்கு ஒரு வளையத்தையும் ஓடுகயிற்றையும் வைத்து, இருந்த இடத்திலிருந்தே முனைக்குத் தள்ளும் வசதி செய்துகொள்ளலாம். முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். கயிற்றின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கட்டி வைத்தால், அவசரத்தில் அவிழ்த்து விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். நம் மேற்குக் கரையில் கடலேற்றம் விளையாட்டன்று. கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் 4 மீட்டருக்கும் மேல் வேறுபாடு இருக்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அவ்வளவு நீரும் இறங்க வேண்டும். காலையில் குளம்போல் நின்ற முகத்துவாரம் பத்து மணிக்கு ஓடையாகப் பாயும். ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து, வரும்போது நீரோட்டம் நம்மோடு வருமாறு நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும்.

துடுப்பு கைதவறினால் படகு வெறும் கட்டை. ஒரு முழக் கயிற்றால் துடுப்பைப் படகோடு கட்டுங்கள். ஆனால் கோல், பெட்டி, துடுப்பு என்று எல்லாவற்றுக்கும் நீளக் கயிறு கட்டினால், கவிழும்போது கயிறுகளும் தூண்டில் நரம்பும் காலைச் சுற்றிக்கொள்ளும். கயிறுகள் குட்டையாகவும் குறைவாகவும் இருக்கட்டும். மழுங்கிய முனையுள்ள சிறு கத்தி ஒன்று மார்பருகே மிதவைச் சட்டையில் செருகியிருக்கட்டும். இடி முழங்கத் தொடங்கினால் கோலை நிமிர்த்தி வைக்காதீர்கள். இக்காலத்துக் கோல்களில் பல மின்சாரத்தைக் கடத்தும் கார்பனால் ஆனவை.

மிதவைச் சட்டை சூடாக இருக்கிறது, வீசுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்பார்கள். ரீலுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்தவர், சட்டைக்கு என்று வரும்போது மட்டும் கணக்குப் பார்ப்பது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. கவிழ்ந்த பிறகு நீருக்குள் அதை அணிவது மிகக் கடினம். உட்கார்ந்தபடி கரையில் ஒருமுறை அணிந்து கழற்றிப் பார்த்தாலே எவ்வளவு நேரமாகிறது என்பது தெரியும். கவிழ்ந்தால் நீந்திக் கரை சேரப் பார்க்காமல் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். தேடுபவர்களின் கண்ணுக்குத் தலையைவிடப் படகு பெரிதாகத் தெரியும். படகில் நீர் புகாதிருந்தால், அதை நிமிர்த்தி, கால்களை நீரின் மேல்மட்டத்தில் உதைத்து, வயிறு குப்புற ஏறி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். இதை இடுப்பளவு நீரில் பலமுறை பழகியிருக்க வேண்டும். கைப்பேசி நீர் புகாப் பையில், படகில் அன்று, உடம்பில் இருக்க வேண்டும். விசிலும் அப்படியே. மூன்று முறை ஊதி நிறுத்தி, மீண்டும் மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் முறை.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் ஒரு வேலை உண்டு. புறப்படுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி வாங்கி நாட்காட்டிக்குப் பக்கத்தில் குத்தி வையுங்கள்: எந்தத் துறையில் இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள், படகின் நிறம் என்ன, எத்தனை மணிக்குள் கரையேறுவார்கள். கூடப் போகிறவரின் கைப்பேசி எண்ணும் அதில் இருக்கட்டும். சொன்ன நேரம் கடந்து அழைத்தும் பதில் இல்லையென்றால், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று பொழுது சாயும்வரை வாசலில் நின்றுகொண்டிருக்க வேண்டாம். 999-க்கு அழையுங்கள். அழைப்பை எடுப்பவர் முதலில் கேட்பது இடத்தைத்தான். தாளைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள். மலாயில் சொல்லத் தடுமாறுவீர்கள் என்றால், பள்ளிக்குப் போகும் பிள்ளையை அந்தத் தாளை மலாயிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது முடியும்.